இறக்கையடியில் ஒரு சம்பந்தம்

விமானம் வாங்குவது ஒரு கொள்முதல் அன்று, இரண்டு கொள்முதல்கள். இதை நான் சொல்லும்போது நண்பர்கள் பலர் நம்புவதில்லை. மோட்டார் கார் வாங்குகிறவர் அதன் எஞ்சினுக்காக வேறொரு கம்பெனியிடம் தனியே பேரம் பேசுவதில்லை. மாவரைக்கும் இயந்திரம் வாங்கினாலும் மோட்டார் அதனுடனேயே வந்துவிடுகிறது. ஆனால் ஏர்பஸ் நிறுவனத்தாரிடம் ஏ-320 விமானங்களுக்கு விலை பேசி முடித்த பிறகும், அவற்றின் இறக்கைகளுக்குக் கீழே யாருடைய எஞ்சினைத் தொங்கவிடுவது என்ற கேள்வி எஞ்சி நிற்கும். அதற்கு வேறு மேசை, வேறு மனிதர்கள், வேறு ஒப்பந்தம்.

பம்பாயில் ஒரு விமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், அந்த இரண்டாவது மேசையின் ஓரத்தில் சில ஆண்டுகள் அமரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் பொறியாளன் அல்லன். பொறியாளர்கள் சொல்வதை ரூபாயாகவும் டாலராகவும் மாற்றி எழுதுவதே என் வேலை. இருந்தும், அந்த மேசையில் கற்றவை கணக்கைவிடப் பெரியவை என்று இன்று எண்ணுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா விமானங்களுக்கும் உண்டு என்று கருதிவிடலாகாது. போயிங் 737 வாங்குகிறவர், அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரெஞ்சு நாட்டு ஸ்னெக்மாவும் 1974-இல் சேர்ந்து தொடங்கிய சி.எஃப்.எம். கூட்டு நிறுவனத்தின் எஞ்சினைத்தான் ஏற்க வேண்டும். ஏர்பஸ் ஏ-350 வாங்குகிறவருக்கு ரோல்ஸ் ராய்ஸ்தான். போயிங் 777 விமானம் முதலில் வந்தபோது பிராட் அண்ட் விட்னி, ஜெனரல் எலெக்ட்ரிக், ரோல்ஸ் ராய்ஸ் ஆகிய மூவரும் போட்டியிட்டார்கள். அதன் நீண்ட தூர வடிவத்துக்கு 1999-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஒன்றையே போயிங் வரித்துக்கொண்டது. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் அறிவித்த 470 விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் 210 ஏ-320 குடும்பத்தவை, 20 போயிங் 787. எஞ்சினைத் தேர்ந்தெடுக்க இடமிருந்தது இந்த 230-க்கு மட்டுமே. எஞ்சிய 240 விமானங்களுக்கும் விமானம் எதுவோ எஞ்சினும் அதுவே. சில வீடுகளில் பெண் பார்க்கும் சடங்கு உண்டு. சில வீடுகளில் முறைப்பெண் பிறந்தபோதே முடிவாகிவிடும். ஏறக்குறைய அந்த நிலைதான் இதுவும்.

ஒரே எஞ்சினை நம்பி விமானத்தை வடிவமைப்பதில் உள்ள ஆபத்தை உலகம் 1971-இல் கண்டது. லாக்ஹீட் நிறுவனம் தன் டிரைஸ்டார் விமானத்துக்கு ரோல்ஸ் ராய்ஸின் ஆர்.பி.211 எஞ்சினை மட்டுமே ஏற்றிருந்தது. விலையை முன்கூட்டியே நிர்ணயித்து ஒப்பந்தம் செய்திருந்த ரோல்ஸ் ராய்ஸ், புதுமையில் நாட்டங்கொண்டு விசிறியின் தகடுகளைக் கரிய நாரிழைப் பொருளால் செய்ய முற்பட்டது. பறவை மோதினால் தாங்குமா என்று சோதித்தபோது அத்தகடுகள் நொறுங்கின. மீண்டும் டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. செலவு கட்டுக்கடங்காமல் பெருகியது. 1971 பிப்ரவரி 4-ஆம் நாள் ரோல்ஸ் ராய்ஸ் நொடித்துப்போனது. பிரிட்டிஷ் அரசு அதை நாட்டுடைமையாக்கிக் காப்பாற்றியது. எஞ்சின் இல்லாத விமானங்களை வைத்துக்கொண்டு தவித்த லாக்ஹீட்டுக்கு 25 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க அரசு பிணை நிற்க வேண்டியிருந்தது. அம்மசோதா அமெரிக்க செனட்டில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 49-க்கு 48 என்று நிறைவேறியது. டிரைஸ்டார் பிழைத்தது, செழிக்கவில்லை. மொத்தம் 250 விமானங்களோடு அதன் உற்பத்தி நின்றது. ஆனால் எந்த எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸைக் கவிழ்த்ததோ, அதன் வழிவந்த டிரென்ட் எஞ்சின்களே பின்னாளில் அந்நிறுவனத்தை நிமிர்த்தின. இத்தொழிலில் இன்றைய தோல்வி நாளைய சொத்தாவதும், இன்றைய பெருமை நாளைய பளுவாவதும் வழக்கம்.

இனி, தேர்வு உள்ள இடத்தில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதற்கேள்வி எரிபொருள். ஏ-320 வகை விமானம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2,400 கிலோ எரிபொருளைக் குடிக்கும். ஆண்டுக்கு 3,500 மணி நேரம் பறந்தால் 8,400 டன். ஓர் எஞ்சின் மற்றதைவிட நூற்றுக்கு ஒன்று சிக்கனம் என்றால் ஒரு விமானத்துக்கு 84 டன் மிச்சம். நூறு விமானங்கள் உள்ள நிறுவனத்துக்கு, ஒரு விமானம் ஆண்டு முழுவதும் இலவசமாகப் பறந்ததற்கு அது சமம். எனவேதான் ஒற்றை விழுக்காட்டுக்காக இரவு பகலாகப் பேரம் நடக்கிறது. விற்பவர் தம் எஞ்சினின் எரிபொருட் செலவுக்கு உறுதி எழுதித் தருவார். உறுதி பொய்த்தால் ஈடு தரவும் ஒப்புவார். அந்த உறுதியை எந்த நிலையில், யார், எப்படி அளப்பது என்பதிலேயே ஒப்பந்தத்தின் பல பக்கங்கள் போய்விடும்.

இரண்டாவது கேள்வி நம் நாட்டுக்கே உரியது: வெயில். கடல் மட்டத்தில் 30 பாகை வெப்பம் வரையில் முழு உந்துவிசை தருமாறு பல எஞ்சின்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற விசை தளரும். டில்லியின் மே மாத நண்பகலையும் நாகபுரியின் கோடையையும் அறிந்தவர்களுக்கு 30 பாகை என்பது இளவேனில். கடல் மட்டத்திலிருந்து பதினாயிரம் அடிக்கும் மேலே உள்ள லே போன்ற நிலையங்களில் காற்றே மெலிந்திருக்கும். அங்கெல்லாம் விசை போதாவிட்டால் பயணிகளையோ சரக்கையோ இறக்கிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். வடநாட்டுப் புழுதியும், பம்பாய் சென்னை போன்ற ஊர்களின் உப்புக் காற்றும் எஞ்சினின் உட்புறத்தை எப்படித் தின்னும் என்பதையும் கேட்டாக வேண்டும். குளிர்நாட்டில் கிடைத்த அனுபவத்தை வைத்து நம் ஊருக்குக் கணக்குப் போடுவது, ஊட்டியில் விளைந்ததைப் பார்த்து இராமநாதபுரத்தில் விதைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது கேள்வி ஆயுள். எஞ்சினின் டர்பைன் பகுதியில் வாயுவின் வெப்பம் 1,500 பாகையையும் தாண்டுகிறது. அங்குள்ள தகடுகள் செய்யப்பட்ட உலோகம் உருகும் நிலையைவிட அது அதிகம். தகடுகளினுள்ளே நுண்ணிய வழிகள் அமைத்துக் காற்றைச் செலுத்திக் குளிர்விப்பதால்தான் அவை உருகாமல் நிற்கின்றன. எஞ்சின் பழசாகப் பழசாக, அதே விசையைத் தர அது அதிகம் சூடாக வேண்டியிருக்கும். வெளியேறும் வாயுவின் வெப்பம் வரையறையைத் தொடும் நாளில் எஞ்சினைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பியாக வேண்டும். புதிய எஞ்சினில் அந்த வரையறைக்கும் உண்மை வெப்பத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி உள்ளதோ, அதுவே அதன் இளமை. இது தவிர, சுழலும் வட்டுகளுக்கு இத்தனை முறைதான் பறக்கலாம் என்று எண்ணிக்கை விதிக்கப்பட்டிருக்கும். நன்றாக இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும் கணக்கு முடிந்த அன்று அதை மாற்றியே தீர வேண்டும். மனிதருக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை என்று நாங்கள் நகைத்துக்கொள்வதுண்டு.

நான்காவது, வீட்டில் ஏற்கெனவே உள்ளவை. பழைய விமானங்களில் ஒரு வகை எஞ்சின் இருக்க, புதியவற்றுக்கு வேறு வகையை வாங்கினால், கருவிகள் இரட்டிப்பாகும், உதிரிப் பாகங்கள் இரட்டிப்பாகும், பயிற்சியும் இரட்டிப்பாகும். பொதுவாக நூறு எஞ்சின்கள் பறந்தால் பத்து எஞ்சின்களாவது உபரியாகக் கொட்டகையில் நிற்க வேண்டும். இரண்டு வகையானால் இரு வகைக்கும் உபரி வேண்டும். எனினும் ஒரே வகையையே நம்பியிருப்பவன், விற்பவனின் வாசலில் கைகட்டி நிற்கிறான் என்பதும் உண்மை. இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-இல் ஏ-320 விமானங்களைப் பெறத் தொடங்கியபோது, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி ஆகிய ஐந்து நாட்டு நிறுவனங்கள் கூடிச் செய்த வி-2500 எஞ்சினைத் தேர்ந்தது. அவ்வெஞ்சினை உலகில் முதலில் பறக்கவிட்டவர்களுள் அதுவும் ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அடுத்த தொகுதி ஏர்பஸ் விமானங்கள் வந்தபோது அவற்றில் சி.எஃப்.எம். எஞ்சின்கள் இருந்தன. இரண்டு முடிவுகளுக்கும் அவ்வக் காலத்து நியாயங்கள் உண்டு.

ஐந்தாவதாக விலை வருகிறது. விலை கடைசியில் வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இதுதான்: அட்டவணையில் அச்சிட்ட விலைக்கும் உண்மையில் கைமாறும் தொகைக்கும் இடையே பெரும் பள்ளம் உண்டு. எஞ்சின் செய்பவர்கள் எஞ்சினைப் பெருந்தள்ளுபடியில் கொடுத்துவிட்டு, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்களிலும் பழுதுபார்ப்பிலும் இலாபம் காண்கிறார்கள். பெண் வீட்டார் சீர் வரிசையைக் கண்டு மயங்கக் கூடாது, மாப்பிள்ளையின் குணத்தைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கும் சீர் வரிசை பெரிதாக இருக்கும். பயிற்சி இலவசம், உபரி எஞ்சின் பாதி விலை, கருவிகள் அன்பளிப்பு. பின்னால் வரும் வாழ்க்கைதான் கணக்கு.

வணிகத்தின் இந்த நூல் எங்கெல்லாம் ஓடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1991-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் 777 விமானங்களுக்குத் தாய்நாட்டு ரோல்ஸ் ராய்ஸை விட்டு ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஞ்சினைத் தேர்ந்தது. பிரிட்டனே அதிர்ந்தது. அதே காலத்தில், வேல்ஸ் நாட்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குச் சொந்தமாயிருந்த எஞ்சின் பழுதுபார்க்கும் பணிமனையை ஜெனரல் எலெக்ட்ரிக் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஏழு ஆண்டுகள் கழித்து 1998-இல் மேலும் 777 விமானங்கள் வாங்கியபோது அதே நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸிடம் திரும்பியது. எஞ்சின் தேர்வில் நிரந்தர நட்பும் இல்லை, நிரந்தரப் பகையும் இல்லை.

இவை அனைத்துக்கும் மேலாக, என் பணிக்காலத்தில் மெல்ல மெல்ல நுழைந்து எல்லாவற்றையும் மாற்றியது மணிக்கணக்கு ஒப்பந்தம். பிரிட்டனில் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962-இலேயே வைப்பர் என்ற சிறு எஞ்சினுக்கு இம்முறையைத் தொடங்கியது. பறந்த ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று விமான நிறுவனம் கட்டிவிட வேண்டும். கழற்றுவது, பிரிப்பது, தகடு மாற்றுவது, திரும்பத் தருவது எல்லாம் எஞ்சின் செய்தவர் பொறுப்பு. கணக்கு எழுதுகிறவனுக்கு இது தேன். எதிர்பாராச் செலவு என்ற பேயே இல்லாமற் போகிறது. எஞ்சின் கெடாமல் ஓடினால் இரு தரப்புக்கும் நன்மை என்பதால் நேர்மையும் அதில் இருக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் பணிமனையில் ஒரு ஃபோர்மன் இருந்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. எஞ்சினைப் பிரித்து மேசையில் பரப்பி, தகட்டின் விளிம்பை விரலால் தடவியே, இது எந்த ஊர்ப் புழுதி என்று சொல்லக்கூடியவர். இரண்டு எஞ்சின்களின் கணக்கை ஒப்பிடும் பெரிய அட்டவணையை நான் தயாரித்துக்கொண்டிருந்த நாட்களில், ஏதோ ஒரு விவரம் கேட்க அவரிடம் போயிருந்தேன். அட்டவணையை நெடுநேரம் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க, சார். எண்ணெய் இருக்கு, வெயில் இருக்கு, வட்டி கூட இருக்கு. பத்து வருஷம் கழிச்சு இதைத் திறந்து பார்க்க நம்ம பையன்களுக்குத் தெரியுமான்னு எந்தக் கட்டத்துல எழுதியிருக்கீங்க?”

“அதுக்குக் கட்டமே கிடையாது, அண்ணாச்சி.”

“அப்போ ஒரு கட்டம் போடுங்க, சார்.”

நான் போட்டேன். சொந்தப் பணிமனையில் பிரித்துப் பழுதுபார்க்கும் உரிமை, அதற்கான கைந்நூல்கள், சோதனை மேடை, பயிற்சி ஆகியவற்றை ஒரு வரிசையாக எழுதி, மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் இவற்றை இழப்பதன் விலை என்ன என்ற கேள்வியோடு குழுவின் முன் வைத்தேன். குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள், விவரம் தெரிந்தவர்கள். அந்த வரிசையை அவர்கள் எள்ளவில்லை, பாராட்டவும் செய்தார்கள். எண்ணாக எழுத முடியாததைக் கூட்ட முடியாது என்பதால் இறுதி அட்டவணையில் அது அடிக்குறிப்பாயிற்று. மணிக்கணக்கு ஒப்பந்தம் மலிவு என்று கூட்டல் சொன்னது. கூட்டலில் பிழை இல்லை. எஞ்சின்கள் வந்தன, நன்றாகவே பறந்தன. பழுதானபோது பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து போயின. அண்ணாச்சி ஓய்வு பெற்றபோது அவருக்குப் பின்னிருந்த இளைஞர்கள் எஞ்சினைக் கழற்றவும் மாட்டவும் தேர்ந்திருந்தார்கள். திறந்து பார்த்தவர் அவர்களுள் மிகச் சிலர்.

இந்த இழப்பு வெறும் உணர்ச்சி அன்று என்பதை அண்மை ஆண்டுகள் நாட்டுக்குக் காட்டின. இண்டிகோ நிறுவனம் 2011-இல் தன் புதிய ஏ-320 விமானங்களுக்குப் பிராட் அண்ட் விட்னியின் பற்சக்கர எஞ்சினைத் தேர்ந்தது. முன்விசிறியும் அதை இயக்கும் டர்பைனும் தத்தமக்கு உகந்த வேகத்தில் சுழலுமாறு இடையே பற்சக்கரம் அமைத்த அருமையான படைப்பு அது. புதிய விமான வகை ஏறக்குறைய 15 விழுக்காடு எரிபொருள் மிச்சம் என்ற வாக்குறுதியோடு வந்தது. எரிபொருளில் வாக்குப் பொய்க்கவில்லை. 2016-இல் பறக்கத் தொடங்கிய பின் பிற உறுப்புகளில் கோளாறுகள் தலைகாட்டின. 2018-இல் குறிப்பிட்ட வரிசை எஞ்சின்கள் கொண்ட விமானங்களை விமானப் போக்குவரத்து இயக்ககம் தரையில் நிறுத்தியது. 2019 ஜூனில் இண்டிகோ அடுத்த 280 விமானங்களுக்குப் போட்டியாளரான சி.எஃப்.எம். நிறுவனத்தின் லீப் எஞ்சினை வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு 2023 ஜூலையில், வட்டுகளை வார்க்கப் பயன்பட்ட உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது வெளியாகி, உலகெங்கும் நூற்றுக்கணக்கான எஞ்சின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியதாயிற்று. 2024-இன் தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன.

இண்டிகோ பெரிய மரம், புயலைத் தாங்கிற்று. அதே எஞ்சினைத் தேர்ந்த கோ ஃபர்ஸ்ட் தாங்கவில்லை. 54 ஏர்பஸ் விமானங்களில் ஏறக்குறைய பாதி எஞ்சினின்றி நிற்பதாகக் கூறி 2023 மே 2-ஆம் நாள் திவால் நடவடிக்கைக்கு மனுச் செய்தது. குற்றம் தம்முடையதன்று என்று எஞ்சின் நிறுவனம் மறுத்தது. 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. வழக்கின் நியாய அநியாயங்களை நான் பேச வரவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு, எவரோ ஒரு மேசையில் செய்த தேர்வோடும், எங்கோ ஓர் உலைக்களத்தில் கலந்த மாசோடும் கட்டப்பட்டிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எஞ்சின் தட்டுப்பாடு வரும் காலத்தில், பணிமனையும் கைத்திறமும் எவரிடம் இருக்கின்றனவோ அவரிடமே வரிசையின் சாவியும் இருக்கிறது. பிறர் காத்திருக்க வேண்டும். சொந்தப் பணிமனை இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். மாசு படிந்த வட்டுக்கு மாற்று வட்டை நாம் வார்க்க முடியாது. ஆனால் எதிரே இருப்பவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்திருக்கும். திறந்து பார்த்தறியாதவன் கேள்வி கேட்கவும் அறியமாட்டான்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தவர், அடுத்ததாகவே ‘தெரிந்து வினையாடல்’ என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராய்ந்து தேர்வது ஒன்று; தேர்ந்ததை ஆள்வது இன்னொன்று. நம் அட்டவணைகள் முதலதிகாரத்தில் தேர்ச்சி பெற்று, இரண்டாம் அதிகாரத்தை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. ஐதராபாத்தில் பிரெஞ்சு நாட்டுச் சாஃப்ரான் நிறுவனம் லீப் எஞ்சின்களுக்கான பழுதுபார்ப்புப் பணிமனையை 2025-இல் திறந்திருக்கிறது என்ற செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். உடைமை அயலாருடையதுதான். ஆனால் அங்கே மேசைமேல் பரப்பிய தகடுகளைத் தடவிப் பார்க்கும் விரல்கள் நம் பிள்ளைகளுடையவையாக இருக்கும்.

இப்போதும் எங்கேனும் ஒரு நிறுவனத்தில் ஓர் இளங்கணக்கர் இரண்டு எஞ்சின்களை எடைபோடும் அட்டவணையைத் தயாரித்துக்கொண்டிருப்பார். எரிபொருள், வெயில், ஆயுள், விலை, வட்டி எல்லாவற்றையும் அவர் என்னைவிடச் செவ்வையாக எழுதுவார். இன்று அதற்குக் கணிப்பொறி துணை உண்டு. அவரிடம் அண்ணாச்சியின் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டத்தையும் போடுங்கள். அதை அடிக்குறிப்புக்கு இறக்கச் சொன்னால், எண் இல்லாவிட்டாலும் அது அட்டவணையிலேயே நிற்க வேண்டும் என்று ஒருமுறைக்கு இருமுறை வாதாடுங்கள்.